ஆறாவது யூனிட்

கால் மரத்துப்போனா போவுது தம்பி, இது மடியிலேயே இருக்கட்டும். மேல வச்சா குலுங்கும். கீழ வச்சா யாராவது மிதிச்சிடுவாங்க. சாப்பாடு இல்லீங்க, ஹார்டு டிஸ்க். கம்ப்யூட்டருக்குள்ள இருக்குமே, அது. இந்தப் பொட்டிக்குள்ள ரெண்டு இருக்கு. ஒண்ணு எங்க வீட்டுப் பழசு. இன்னொண்ணு புதுசு. அந்தப் புதுசுலதான் என் சம்சாரத்தோட குரல் இருக்கு. முழுசா இல்ல. மிஞ்சினது இருக்கு.

நீங்களும் கும்பகோணம்தானா? நல்லதாப் போச்சு. இப்பத்தான் திண்டிவனம் தாண்டுது. இன்னும் நாலு மணி நேரத்துக்கு மேல இருக்கு. உங்களுக்குத் தூக்கம் வந்தா சொல்லிடுங்க, நிறுத்திக்கறேன். இந்த அஞ்சு நாளா நான் யார்கிட்டயும் மனசு விட்டுப் பேசல. காது மட்டும்தான் வேலை செஞ்சுது.

என் பேரு திருவேங்கடம். அரசாங்க ஆபீஸ்ல சூப்பிரண்டா இருந்து ரிட்டயரானவன். ரெண்டு வருஷமாச்சு. முப்பத்திமூணு வருஷ சர்வீஸ்ல என் மேஜையில ஒரு ஃபைல் காணாமப் போனதில்ல தம்பி. கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து போன் வரும், எழுபத்தெட்டாம் வருஷத்து ஆர்டர் ஒண்ணு வேணும்னு. பத்து நிமிஷத்துல எடுத்துக் குடுப்பேன். இதை ஏன் சொல்றேன்னா, நான் அலட்சியமான ஆள் இல்ல. அதை மட்டும் நீங்க மனசுல வச்சுக்கணும்.

வீட்டுல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. பையன் பெங்களூர் போறப்ப விட்டுட்டுப் போனது. போன மாசம் அதுல வைரஸ் பூந்துடுச்சு. காலையில ஆன் பண்ணிட்டுக் குளிச்சுட்டு வந்தாலும் திரை வந்திருக்காது. பென்ஷனர் சங்கத்துல ஒருத்தர் சொன்னார், மேலாக்க மருந்தடிச்சாப் போவாது, எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மட் பண்ணிப் புதுசா விண்டோஸ் போடுங்கன்னு. ஆளைக் கூப்பிட்டா அவன் எதையாவது தொலைச்சிடுவான். நாமளே முறைப்படி செய்வோம்னு உக்காந்தேன்.

முறைப்படிதான் செஞ்சேன் தம்பி. நோட்டுல லிஸ்ட் போட்டேன். விண்டோஸ் சிடி, அதோட நம்பர். பிரிண்டர் சாஃப்ட்வேர். சவுண்டுக்கு, திரைக்கு உண்டான டிரைவர் சிடி. தமிழ் எழுத்து. ஜாதகம் கணிக்கிற சாஃப்ட்வேர். என்னோட பென்ஷன் பேப்பர், பையன் கல்யாண போட்டோ, அவனோட சர்டிபிகேட்டு. அப்புறம் நண்பர்கள் மெயில்ல அனுப்புற ஸ்லைடுங்க. சூரியன் உதிக்கிற மாதிரி படம் போட்டு, கீழ நல்ல வாசகம் இருக்கும். நிம்மதியா வாழ பத்து வழி, அந்த மாதிரி. எறநூறு முன்னூறு சேத்து வச்சிருந்தேன். ஒண்ணு விடல. எல்லாத்தையும் ரெண்டு டிவிடியில ஏத்தி, மேல மார்க்கர்ல தேதி போட்டு, திருப்பிப் போட்டுத் திறக்குதான்னும் பாத்துக்கிட்டேன். யார் தம்பி அவ்வளவு பாக்கறாங்க?

டி டிரைவ்ல இன்னொரு ஃபோல்டர் இருந்துச்சு. பாத்தேன். பாக்கலைன்னு நான் சொல்ல மாட்டேன். 'பிலோ'ன்னு பேரு. அஞ்சு ஜிபி. உள்ள முன்னூத்திச் சொச்சம் பாட்டு ஃபைலு. பாட்டுன்னு நெனச்சேன். ஒரு டிவிடியில கொள்ளாது, கையில இருந்த ரெண்டும் ரொம்பிடுச்சு. அந்தப் பேரைப் பாத்தா வைரஸ் மாதிரியும் இருந்துச்சு. 'ஐ லவ் யூ'ன்னு ஒண்ணு வந்துச்சே முன்னாடி, அந்த மாதிரி பேரு.

கேட்டேன் தம்பி. கேக்காம செய்யல. ஹால்லேர்ந்து சத்தமா, "குமுதா, கம்ப்யூட்டரை அழிக்கப் போறேன், உன்னோடது ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டேன். என் சம்சாரம் பேரு குமுதவல்லி. அடுக்களையில மிக்ஸி ஓடிக்கிட்டிருந்துது. பதில் வரல. அஞ்சு நிமிஷம் பொறுத்தேன். அஞ்சு இல்லாட்டி மூணு. வரல. அவளுக்கு அதுல என்ன இருக்கப் போவுது? மத்தியானத்துல ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பா, பாட்டு கேக்கறான்னு நெனப்பேன். சரின்னு பட்டனை அமுக்கிட்டேன். சி, டி ரெண்டையும். பாதி வேலை எனக்குப் புடிக்காது.

அவ பதில் சொல்லியிருக்கா தம்பி. "டி-யில இருக்கு, தொடாதீங்க"ன்னு ரெண்டு தடவை சொல்லியிருக்கா. எனக்குக் கேக்கல.

எப்படிக் கேக்கும்? மார்ச் மாசம் அவளுக்குத் தொண்டையில தைராய்டு ஆபரேஷன். கட்டி. கட்டி சாதாக் கட்டிதான்னு சொல்லிட்டாங்க, பகவான் புண்ணியம். ஆனா குரல் நரம்பு ஒட்டின மாதிரி இருக்கு, குரல் போனாலும் போகலாம்னு டாக்டர் முன்னாடியே சொன்னார். உசிருக்கு ஒண்ணும் இல்லையேன்னு கேட்டேன். இல்லேன்னார். கையெழுத்துப் போட்டேன். "வீட்டுக்குள்ள இருக்கறவளுக்குக் குரல் எதுக்கு டாக்டர், மேடையில பேசப் போறாளா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். டாக்டரும் சிரிச்சார். சிரிச்சாரா... சிரிச்சிருப்பார். அவ பக்கத்துலதான் உக்காந்திருந்தா.

அதுலேர்ந்து அவளுக்குக் காத்துதான் வரும். ரகசியம் பேசற மாதிரி. பக்கத்துல போனாத்தான் கேக்கும். வீட்டுல பெருசா வித்தியாசம் தெரியல எனக்கு. அவ முன்னாடியும் அதிகம் பேச மாட்டா.

வியாழக்கிழமை ஃபார்மட் பண்ணினேன். கம்ப்யூட்டர் பறக்குது தம்பி! தொட்டா திறக்குது. டிவிடியில இருந்ததையெல்லாம் திருப்பி உள்ள போட்டேன். வெள்ளிக்கிழமை பூரா சந்தோஷமா இருந்தேன்.

சனிக்கிழமை அந்தப் பொண்ணு வந்துச்சு.

பிலோமினான்னு பேரு. ரெண்டு கண்ணும் தெரியாது. இருபத்தாறு இருபத்தேழு வயசு இருக்கும். ஒரு ஆஸ்பத்திரியில டெலிபோன் ஆபரேட்டர், லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கியிருக்கு. மூணு வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வரும். ஏதோ உதவிக்கு வருதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். நான் ஒரு நாளும் தடுத்ததில்ல. வர்ற நேரத்துக்கு நான் சங்கத்துக்குக் கிளம்பிடுவேன். அன்னிக்கு, புதுக் கம்ப்யூட்டராச்சே, வீட்டுலேயே இருந்தேன்.

அது கைப்பையிலேர்ந்து சின்னதா ஒரு பாட்டுப் பொட்டியை எடுத்து நீட்டிச்சு. "புதுசு வாங்கிட்டேன்க்கா. பழசு ரயில்ல தொலைஞ்சது தொலைஞ்சதுதான். எல்லாத்தையும் மறுபடி ஏத்திக் குடுத்துடுங்க. எக்ஸாமுக்கு இன்னும் இருபத்தாறு நாள். ஒரு தடவை முழுசாக் கேட்டுட்டேன்னா போதும்"னுச்சு. சிரிச்ச முகமா.

குமுதா உக்காந்தா. மவுஸைப் புடிச்சா. டி-யைத் திறந்தா. என் போட்டோ, என் பேப்பர், என் ஸ்லைடு. மூடினா. மறுபடி திறந்தா. சி-யைத் திறந்தா. குப்பைத்தொட்டி மாதிரி படம் இருக்குமே, அதைத் திறந்தா. அது காலி. மறுபடி டி. நான் பின்னாடியே நின்னு, "எப்படி வேகமாத் திறக்குது பாத்தியா"ன்னேன்.

அவ திரும்பி என்னைப் பாத்தா. வாயைத் திறந்தா. கத்தறா தம்பி. கத்தறான்னு எனக்குத் தெரியுது. கழுத்து நரம்பு புடைக்குது, முகம் செவந்து போவுது, கண்ணு பிதுங்குது. சத்தம் வரல. காத்துதான் வருது. ஃபேன் ஓடற சத்தம் அதைவிடப் பெருசா இருக்கு.

அந்தப் பொண்ணுக்குப் பார்வை இல்லையா. அது சோபாவுல அதே சிரிச்ச முகமா உக்காந்திருக்கு. "என்னக்கா, திறந்துட்டீங்களா? சத்தமே இல்லையே?"ன்னு கேக்குது.

யார் சொல்றது? குமுதாவால முடியாது. நான்தான் சொல்லணும். "அம்மா, ஒரு சின்னத் தப்பு நடந்து போச்சு. கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்து..."ன்னு ஆரம்பிச்சேன். வைரஸ்தானே தம்பி காரணம்? வைரஸ் வரலைன்னா நான் ஏன் தொடப் போறேன்? ஆனா அந்தப் பொண்ணு, "நீங்க அழிச்சீங்களா சார்?"னுச்சு. "ஆமா"ன்னேன். "எல்லாத்தையுமா?" "ஆமா." அந்தப் பொண்ணு பாட்டுப் பொட்டியைத் திருப்பிப் பையில போட்டு ஜிப்பை இழுத்துச்சு. ஜிப் பாதியில சிக்கிக்கிச்சு. அதை இழுத்துக்கிட்டே இருந்துச்சு. குமுதா கீழ உக்காந்து அது மடியில முகத்தை வச்சுக்கிட்டா. எனக்கு எங்க நிக்கறதுன்னு தெரியல. போய் ரெண்டு பேருக்கும் தண்ணி கொண்டாந்தேன். யாரும் குடிக்கல.

விஷயம் பூரா அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. அந்தப் பொண்ணு சொல்லித்தான் தெரிஞ்சுது. மூணு வருஷம் முன்னாடி பஸ் ஸ்டாண்டுல இது நின்னுக்கிட்டு, யாராவது போர்டு படிங்கன்னு கேட்டிருக்கு. குமுதா படிச்சுச் சொல்லியிருக்கா. "உங்க குரல் ரொம்பத் தெளிவா இருக்குக்கா. எனக்குப் பாடம் படிச்சுக் குடுப்பீங்களா?"ன்னு கேட்டிருக்கு. அவ்வளவுதான். இதுக்கா ஒருத்தி மூணு வருஷம் உக்காந்து படிப்பா? படிச்சிருக்கா. எம்.ஏ. வரலாறு, மேல்நிலைப்பள்ளி வாத்தியார் எக்ஸாமுக்கு உண்டான எல்லாப் புத்தகமும். ஆறு யூனிட். நூத்தித் தொண்ணூறு மணி நேரம். நான் சங்கத்துக்குப் போற நேரத்துல, நான் தூங்கற நேரத்துல, நான் வாசல்ல பேப்பர் படிக்கற நேரத்துல. முன்னாடி ரெண்டு தடவை அந்தப் பொண்ணு எழுதி நாலு மார்க்குல, மூணு மார்க்குல போயிருக்கு. இந்தத் தடவை பார்வை இல்லாதவங்களுக்குன்னு ரெண்டு இடம் இருக்காம். தேறலைன்னா அண்ணன் ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுவானாம், அவன் புள்ளைங்களைப் பாத்துக்க.

மறுபடி படிக்கலாம்னா குமுதாவுக்குக் குரல் எங்க இருக்கு? வேற யாராவது படிக்கலாம்னா இருபத்தாறு நாள்ல நூத்தித் தொண்ணூறு மணி நேரத்தை யார் படிக்கிறது, இது எப்பக் கேக்கறது?

அன்னியிலேர்ந்து குமுதா சமைக்கறா, பரிமாறறா, துணி மடிக்கறா. என்னைப் பாக்கறதில்ல. நான் பேசினா மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கறா. ஒரு நாள் நான் கோபப்பட்டேன். "தெரியாமச் செஞ்சதுதானே! என்கிட்ட ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தா நடந்திருக்குமா? மூணு வருஷமா மறைச்சது நீதானே?"ன்னு. நியாயமா இல்லையா தம்பி? அப்பத்தான் அவ ஒரு பேப்பரை எடுத்து எழுதிக் காட்டினா. 'முதல் நாளே சொன்னேன். நீங்க பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க.'

இருக்கலாம். எனக்கு ஞாபகம் இல்ல.

ஊர்ல கம்ப்யூட்டர் கடையில கேட்டேன். "சார், இனிமே அதை ஆன் பண்ணாதீங்க. நீங்க மேல மேல எழுத எழுத உள்ள இருக்கறது அழியும். சென்னையில இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க, கழட்டி எடுத்துக்கிட்டு ஓடுங்க"ன்னான். அவங்ககிட்ட போன் பண்ணி நாள் வாங்கி, ரயில் டிக்கெட் கிடைக்காம, கிளம்பறதுக்குள்ள பத்து நாளுக்கு மேல போயிடுச்சு. குமுதாவோட பழைய புடவையில ஹார்டு டிஸ்க்கைச் சுத்தி, மார்போட அணைச்சுக்கிட்டு பஸ் ஏறினேன்.

அங்க ஷாகிரான்னு ஒரு பொண்ணு. அதுதான் அந்த வேலையில கைகாரியாம். பாத்துட்டுச் சொல்லிச்சு. "சார், நிறைய எடுத்துடலாம். ஆனா பேரெல்லாம் போயிடும், வரிசையும் போயிடும். ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டுத்தான் வரும். எது எதுன்னு யாராவது உக்காந்து கேட்டு அடுக்கணும்." யாராவதுன்னா யாரு? நான்தான்.

நாலு நாள் தம்பி. பக்கத்துல ஒரு லாட்ஜுல ரூம் எடுத்துக்கிட்டு, காலையில கடை திறக்கறப்பப் போய் உக்காருவேன், மூடறப்ப எந்திரிப்பேன். ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு என் சம்சாரம் படிக்கறதைக் கேட்டேன். நூத்தித் தொண்ணூறு மணியும் கேக்க முடியாது, ஒவ்வொண்ணுலயும் முன்னாடி கொஞ்சம் பின்னாடி கொஞ்சம். "யூனிட் ரெண்டு, முப்பத்தொண்ணாவது பக்கம், பல்லவர் நிர்வாகம்"னு ஒவ்வொண்ணையும் ஆரம்பிக்கறா. என்ன தெளிவு தெரியுமா! ஒரு எழுத்து முழுங்கல. 'ழ'வைச் சரியாச் சொல்றா. முப்பத்தி நாலு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், அவ 'ழ' சரியாச் சொல்லுவான்னு எனக்குத் தெரியாது.

ரெண்டாம் நாள் ஒரு இடத்துல இவ படிச்சுக்கிட்டே இருக்கறப்ப ஒரு ஆள் கத்தறான். தூரத்துலேர்ந்து. "ஏய், கண்ணாடி எங்க வச்ச? செவிடா நீ?"ன்னு. இவ டக்குனு நிறுத்தறா. "இரு பிலோ"ன்னு மெதுவாச் சொல்லிட்டு நாற்காலியைத் தள்ளறா. அஞ்சாறு நிமிஷம் ஒண்ணும் இல்ல. திரும்பி வந்து விட்ட வாக்கியத்தை முதல்லேர்ந்து படிக்கறா. அடுத்த ஃபைலை எடுத்தா அதுலயும் அந்த ஆள். "காபி என்னாச்சு?" அதுக்கடுத்ததுலயும். நான் ஷாகிராவைக் கூப்பிட்டேன். "என்னம்மா, வேற யார் வீட்டு ஃபைலோ இதுல கலந்துடுச்சு போல. எவனோ ஒருத்தன் காட்டுக்கத்தல் கத்தறான்"னேன்.

அந்தப் பொண்ணு ஹெட்ஃபோனை வாங்கி வச்சுக் கேட்டுச்சு. என்னைப் பாத்துச்சு. அப்புறம் மெதுவா, "சார், அது உங்க குரல்தான்"னுச்சு.

நான் இல்லேன்னேன். என் குரல் அப்படி இருக்காது தம்பி. நீங்களே கேக்கறீங்களே, அப்படியா இருக்கு? மறுபடி கேட்டேன். "குமுதா! துண்டு!"ன்னு வந்துச்சு. வேற எந்த வீட்டுல குமுதா இருக்கா?

நான் கேட்ட வரைக்கும் நூத்திப் பதினாலு இடத்துல. நோட்டுல குறிச்சு வச்சேன். ஷாகிராகிட்ட அதையெல்லாம் வெட்டி எடுத்துடச் சொன்னேன். வெட்டிட்டுத்தான் குடுத்திருக்கா. குமுதாவுக்கு அசிங்கமா இருக்குமில்ல, அதுக்காகத்தான். ஷாகிரா, "அந்த அக்கா மூணு வருஷமா இதைக் கேட்டுத்தானே சார் படிச்சிருக்காங்க"ன்னா. பரவால்ல வெட்டுன்னுட்டேன்.

மூணாம் நாள் சாயங்காலம் அஞ்சாவது யூனிட் முடியற ஃபைலு கிடைச்சுது. அதுல பாடம் முடிஞ்ச அப்புறமும் அவ நிறுத்தல. பேசறா. அந்தப் பொண்ணுகிட்ட பேசற மாதிரி. அப்படியே சொல்றேன் கேளுங்க, எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. "பிலோ, அஞ்சு முடிஞ்சுதும்மா. அடுத்த மாசம் எட்டாம் தேதி எனக்கு ஆபரேஷன். குரல் இருந்தாலும் இருக்கலாம், போனாலும் போகலாம்னு சொல்லிட்டாங்க. அதுக்குள்ள ஆறையும் முடிச்சுடறேன். கொஞ்சம் வேகமாப் படிப்பேன், கோச்சுக்காத. கட்டி இருக்கறது எனக்குத் தீபாவளிக்கே தெரியும். இவருக்கு ரிட்டயர்மென்ட் கணக்கெல்லாம் இழுத்துக்கிட்டிருந்துது, டென்ஷன்ல இருந்தார், சொல்லல. இப்ப என்னன்னா, எனக்குப் பயமா இருக்கு பிலோ. செத்துப் போயிடுவேன்னு இல்ல. இந்தக் குரலை யாரும் நல்லா இருக்குன்னு சொன்னதே இல்ல, நீ சொன்ன. அது போயிடுமேன்னுதான்." அவ்வளவுதான். அப்புறம் ஒரு பெருமூச்சு. கிளிக்.

நான் ஹெட்ஃபோனைக் கழட்டி வச்சுட்டு வெளிய போய் நின்னேன். ரோட்டுல என்னென்னமோ போவுது. எனக்கு ஒண்ணும் காதுல விழல.

இருங்க தம்பி, தண்ணி குடிச்சுக்கறேன்.

இப்பப் பிரச்சினை என்னன்னா, அந்த ஆறாவது யூனிட் வரல. மத்த அஞ்சும் முக்காவாசி வந்துடுச்சு. ஆறு மட்டும் ஒரு ஃபைல்கூட முழுசா இல்ல. துண்டு துண்டா, கரகரன்னு. ஏம்மான்னு ஷாகிராவைக் கேட்டேன். "ஃபார்மட் பண்ணினதோட விட்டிருந்தா கிடைச்சிருக்கும் சார். அப்புறம் நீங்க டிவிடியிலேர்ந்து திருப்பிப் போட்டீங்களே, அது போய் எங்க உக்காந்துச்சோ அங்க இருந்தது போச்சு. ஆறாவது யூனிட் இருந்த இடத்துல இப்ப உங்க ஸ்லைடுதான் இருக்கு"ன்னா.

ஆபரேஷனுக்கு முன்னாடி அவ அவசர அவசரமாப் படிச்சது தம்பி. அவ குரலோட கடைசி. அது மேல நான் சூரியன் உதிக்கற படத்தைப் போட்டு வச்சிருக்கேன்.

எக்ஸாமுக்கு இன்னும் ஒன்பது நாள். குமுதாகிட்ட இன்னும் சொல்லல. காலையில பையன் போன் பண்ணிக் கேட்டான், "எல்லாம் கிடைச்சுதாப்பா"ன்னு. "கிடைச்சுது"ன்னுட்டேன். அவன் அம்மாகிட்ட அப்படியே சொல்லியிருப்பான். இப்ப வீட்டுல குமுதாவும் பிலோமினாவும் எனக்காக உக்காந்திருப்பாங்க. கடைக்காரங்க கெடுத்துட்டாங்கன்னு சொல்லிடலாமான்னு செங்கல்பட்டு வரைக்கும் யோசிச்சுக்கிட்டே வந்தேன். யாருக்குத் தெரியப் போவுது? ஷாகிராவா கும்பகோணத்துக்கு வந்து சாட்சி சொல்லப் போறா? ஆனா அந்தப் பொண்ணு நாலு நாளும் எனக்கு டீ வாங்கிக் குடுத்துச்சு. அது மேல பழியை எப்படிப் போடறது?

என் போனா அடிக்குது? எங்க... பாக்கெட்ல. புடிங்க, புடிங்க, இந்தப் பொட்டியை ஒரு நிமிஷம் புடிங்க. வீட்டு நம்பர்தான்.

ஹலோ! ஹலோ! குமுதா? கேக்கல. பஸ்ல இருக்கேன். என்ன? கேக்கலம்மா!

தம்பி, அவதான். அவளா எனக்குப் போன் பண்ணியிருக்கா. பதினேழு நாள் கழிச்சு. எனக்கு ஒரு எழுத்து கேக்கல, இந்த இஞ்சின் சத்தத்துல. உங்களுக்குச் சின்ன வயசு, காது நல்லா இருக்கும். நீங்க கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன். பரவால்ல, அவ ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா. நல்லா ஒட்டி வச்சுக்குங்க. என்ன சொல்றா?

ஆறு வந்துச்சான்னு கேக்கறாளா?

குடுங்க. குடுங்க இப்படி.

குமுதா. ஆறு வரல. கேக்குதா? ஆறு வரலம்மா. மத்ததெல்லாம் இருக்கு, ஆறு இல்ல. கடைக்காரங்க தப்பு இல்ல. நான் திருப்பிப் போட்டேன் பாரு, அந்த ஸ்லைடுங்க, அதுங்க அது மேல போய் உக்காந்துடுச்சு. நான்தான். நான்தான் அழிச்சேன். வைரஸ் இல்ல. குமுதா? லைன்ல இருக்கியா? குமுதா?

தம்பி, கட் ஆயிடுச்சா பாருங்க. ஓடுதா? நம்பர் ஓடுதுன்னா இருக்கான்னுதானே அர்த்தம். இருங்க, யாரோ வாங்கறாங்க.

ஆங், பிலோமினாவா? சொல்லும்மா. ஆமாம்மா, ஆறு போச்சும்மா. என்னை... ஆங். ஆங். எத்தனை பக்கம்? நூத்தி அறுபதா? நானாம்மா? நான் படிக்கலாமா? படிக்கறேம்மா. ராத்திரி பகல் பாக்காம படிக்கறேன். ஒரு நாளைக்கு நாப்பது பக்கம் படிச்சாலும் நாலு நாள்ல... என்னம்மா? சரி. சரிம்மா. இல்ல, கூப்பிட மாட்டேன். சத்தியமா. அக்கா எங்க? பக்கத்துலயா இருக்கா? ஓ. சரி. வை.

தம்பி, பொட்டியைக் குடுங்க. என்ன சொல்லிச்சு தெரியுமா? "உங்க குரல் எனக்குப் பழக்கம்தான் சார், படிங்க. ஆனா நடுவுல அக்காவைக் கூப்பிடாதீங்க, ரெக்கார்டுல வந்துடும்"ங்குது. மூணு வருஷமா வெட்டாமக் கேட்டிருக்கே.

அக்கா எங்கன்னு கேட்டேன். எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க சார்ங்குது. அழுதாளா என்னன்னு சொல்லல. அதுக்கெப்படித் தெரியும், அவ அழுதா சத்தமே வராதே.

இது எந்த ஊரு? மீன்சுருட்டியா? அப்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. தம்பி, உங்க பையில பேப்பர் இருக்கு பாருங்க, அதைக் கொஞ்சம் குடுங்களேன். நேத்து பேப்பரா இருந்தா என்ன. முப்பத்திமூணு வருஷம் ஆர்டர் போட்டிருக்கேன், ஒருத்தருக்குப் படிச்சுக் காட்டினதில்ல. கண்ணாடி... இருக்கு, இங்கதான் இருக்கு.

நான் படிக்கறேன். நீங்க கண்ணை மூடிக்குங்க. பேப்பரைப் பாக்கக் கூடாது. கேட்டு மட்டும் சொல்லணும். "காவிரி டெல்டா மாவட்டங்களில் குறுவைச் சாகுபடிக்கான முன்னேற்பாடுகள் தீவிரம் அடைந்துள்ளன. விதைநெல், உரம் ஆகியவற்றைத் தட்டுப்பாடின்றி வழங்க..."

புரியுதா? சத்தமா இருக்கா? குறைச்சுக்கணுமா?

மறுபடி முதல்லேர்ந்து படிக்கறேன். நீங்க கண்ணைத் திறக்காதீங்க.